பதினொரு நொடிக் குரல்

மார்ச் 4

அன்புத் தங்கை வாலுக்கு,

இக்கடிதம் உன் கையை எட்டும் நாளில் அம்மா வீடு திரும்பியிருப்பாள். "குரல்வளையை எடுத்துவிட்ட தாயின் எதிரே உட்கார்ந்து நான் தொலைபேசியில் அரட்டையடிக்க மாட்டேன். அவள் இனித் தாளில்தான் பேசப்போகிறாள்; நாமும் தாளிலேயே பேசுவோம். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நீதி" என்று நீ ஆணையிட்டாய். மறுத்துப் பேச எனக்குத் தகுதியில்லை. அறுவைச் சிகிச்சை நடந்த நாளில் மருத்துவமனை நடைக்கூடத்தில் உன் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்திருக்க வேண்டியவன், கடல் கடந்த இந்த அலுவலகத்தின் ஆறாம் மாடியில், விடுப்புக் கிடைக்காமல், எவனோ எழுதிய கணினி நிரலில் பிழை தேடிக்கொண்டிருந்தான். இதை நீ ஆயுளுக்கும் சொல்லிக்காட்டலாம். இன்று ஒரு நாள் பொறுத்துக்கொள். நல்ல செய்தியோடு வந்திருக்கிறேன்.

நிரல் முடிந்தது.

பலகைக் கணினியில் ஒரு வாக்கியத்தை அம்மா தொட்டால் போதும். அது அவள் குரலிலேயே ஒலிக்கும். முப்பது ஆண்டுகள் ஆலைத் தொழிலாளர் மேடைகளில் முழங்கியவள், செய்தித்தாள்காரர்களால் 'வெண்கலம்' என்று அழைக்கப்பட்டவள், ஒரு குவளைத் தண்ணீருக்காகக் கையசைத்துக் காத்திருக்க மாட்டாள். அறுவைக்கு முந்தைய ஆறு வாரங்களில் அவளை உட்காரவைத்து நீ பதிந்தாயே, அந்த வாக்கியங்கள் அத்தனையும் இனிப் பொத்தான்கள். பதிந்தவள் நீ, பொத்தான் செய்தவன் நான். பாதிக்குப் பாதி என்று சொல்ல எனக்கு நா எழாது. முக்கால் பங்கு உன்னுடையது.

நீ செய்ய வேண்டியது ஒன்றே. ஒரே பணியை நாம் இரண்டு கிளைகளாகச் செய்துவருகிறோம்: உனக்கு ஒரு கிளை, எனக்கு ஒரு கிளை. இரண்டிலும் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் நாள் குறித்து நினைவில் வைத்திருக்கிறான் நம் பதிப்புக் காவலன். மென்பொருளை 'அவன்' என்கிறேனே என்று சிரிக்காதே. இந்த ஊரில் எனக்கு வேறு நண்பன் இல்லை. வரும் ஞாயிறன்று உன் கணினியில் என் கிளைக்கு மாறு. மாறிய பின் நிரலை ஓட்டு. அவ்வளவுதான்.

அஞ்சாதே. எதையேனும் அழிக்க நேருமானால், காவலன் உன் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்பான். கேட்காமல் எதையும் தொடமாட்டான். பத்தாண்டுகளாக அவனோடு குடித்தனம் நடத்துகிறவன் சொல்கிறேன்.

முதலில் எந்த வாக்கியத்தைத் தொட்டாள் என்று எழுது.

உன்
(எதற்கெடுத்தாலும் பட்டியல் போடுகிறான் என்று நீ பெயர் வைத்த) பட்டியல் அண்ணன்


மார்ச் 11

அண்ணா,

அம்மா வந்துவிட்டாள். கழுத்தின் அடியில் ஒரு துளை. மூச்சு அதன் வழியே போய்வருகிறது. மடியில் ஒரு குறிப்பேடு, காதில் செருகிய எழுதுகோல். மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் வேளையில் செவிலி ஒருத்தி குனிந்து, "பெரியம்மா, வலி இருக்கா?" என்று காதருகே கத்தினாள். அம்மா எழுதிக் காட்டினாள்: "போனது தொண்டை. காது இல்லை." அந்தப் பெண் அரண்டு போய்விட்டாள். வெண்கலம் எழுத்திலும் வெண்கலந்தான்.

ஞாயிறன்று நீ சொன்னபடியே செய்தேன். காவலன் என் கையைப் பிடிக்கவில்லை. எதையும் கேட்கவில்லை. கிளை மாறிவிட்டதாக ஒற்றை வரி சொல்லிவிட்டு ஓய்ந்துவிட்டான். நிரலும் ஓடியது. பொத்தான்கள் வரிசையாக வந்தன. தொட்டால் ஒலி இல்லை.

ஒலிக் கோப்புகளையெல்லாம் போட்டு வைத்திருந்த 'குரல்' என்னும் அடைவைத் திறக்கப் போனேன். அந்த இடத்தில் அடைவு இல்லை. அதே பெயரில் ஒற்றைக் கோப்பு ஒன்று இருந்தது. ஒலிக்க விட்டேன், பதினொரு நொடியில் முடிந்துவிட்டது.

அது எதுவென்று உனக்கும் தெரியும். முதல் நாள் ஒலிவாங்கியைச் சோதிக்க அம்மாவைப் பேசவைத்து, அதைக் 'குரல்' என்ற பெயரில் கோப்பாக வைத்தோமே, அதுதான். உன் கிளையில் இன்னமும் அதையே வைத்துக்கொண்டுதான் நீ பொத்தான்களைச் சோதித்திருக்கிறாய் போலும். இங்கே நான் நான்காம் நாளே அந்தக் கோப்பை நீக்கிவிட்டு, அதே பெயரில் ஓர் அடைவு திறந்தேன். ஆயிரத்து நானூறு ஒலிப்பதிவுகளும் அதனுள்தான் இருந்தன. வாக்கியங்களை எழுதிய பட்டியலும் அதனுள்தான் இருந்தது. "குரல் இனிக் கோப்பன்று, அடைவு" என்று காவலனிடம் குறிப்பும் பதிந்தேன். நான் மெய்ப்புத் திருத்துகிறவள். ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் ஓரத்தில் குறித்துவிட்டே மாற்றுவேன்.

பதறிப்போய் என் கிளைக்கே திரும்பினேன். அடைவு வந்தது. பட்டியல் வந்தது. ஒலி ஒன்றுகூட வரவில்லை.

எங்கோ ஓரிடத்தில் ஒதுக்கி வைத்திருப்பான், இல்லையா? அந்த இடம் எது என்று மட்டும் எழுது, நான் எடுத்துக்கொள்கிறேன். அம்மா பலகைக் கணினியைத் துடைத்துத் துடைத்து வைக்கிறாள். நேற்றுக் குறிப்பேட்டில் "எப்போது?" என்று எழுதி நீட்டினாள். "அண்ணன் கடிதம் வரட்டும்மா" என்றேன்.

வால்


மார்ச் 17

வாலு,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். உடனே பதினேழு முறை அழைத்தேன், நீ எடுக்கவில்லை. "கணினியை அணை, எதையும் எழுதாதே" என்று குறுஞ்செய்தி விட்டிருக்கிறேன். அதையாவது பார்த்திருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். அந்தக் கணினியை எடுத்துக்கொண்டு, அழிந்த கோப்புகளை மீட்டுத் தருகிறவரிடம் போ. அஞ்சலுக்கு இதைக் கொடுத்துவிட்டு வந்து, மறுபடி அழைப்பேன். ஒரே ஒரு முறை உன் நீதியை ஒதுக்கி வைத்துவிட்டு எடு.

ஒதுக்கி வைத்த இடம் எதுவும் இல்லை.

ஒரே இடத்தில் ஒரே பெயரில் கோப்பும் அடைவும் சேர்ந்து இருக்க முடியாது. ஒன்று வந்தால் மற்றொன்று போக வேண்டும். என் கிளைக்கு நீ மாறியதும், அங்கே 'குரல்' ஒரு கோப்பாக இருப்பதைக் காவலன் கண்டான். அதற்கு இடம் வேண்டி உன் அடைவை எடுத்தான். அதற்குள் அவன் பொறுப்பேற்றிருந்தது பட்டியல் ஒன்றுதான். அது அவன் நினைவில் பத்திரமாக இருந்தது; ஆகவே திருப்பித் தந்தான். ஒலிப்பதிவுகள் அவன் நினைவில் என்றுமே இருந்ததில்லை.

அறியாத பொருள் எதிர்ப்பட்டால் அவன் நிறுத்திக் கேட்பான் என்று எழுதினேன். அது உண்மை. ஆனால் 'புறக்கணி' என்று நாமே பட்டியலிட்டுக் கொடுத்த பொருளைப் பற்றி அவன் கேட்பதில்லை. வேண்டாதது என்றுதானே சொன்னீர்கள் என்று எடுத்துக்கொள்கிறான். குப்பையை வழித்தெறிய யாரிடம் ஒப்புதல் கேட்பார்கள்?

ஏன் அதே பெயரை வைத்தாய்? 'குரல்கள்' என்று ஒரு விகுதி சேர்த்திருந்தால், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்திருக்கும். இரண்டு எழுத்து, வாலு. இரண்டே எழுத்து.

பதிவுக் கருவியின் நினைவட்டையில் மிச்சம் இருக்கும் அல்லவா? இருக்கிறது என்று எழுது.

அண்ணன்


மார்ச் 25

பட்டியல் அண்ணனுக்கு,

இரண்டு எழுத்து என்கிறாய். நல்லது. நானும் ஒரு வரியை எடுத்துக்காட்டுகிறேன். "குரல் அடைவிலுள்ள ஒலிக் கோப்புகள் அனைத்தையும் புறக்கணி." நம் புறக்கணிப்புப் பட்டியலின் மூன்றாம் வரி. எழுதியவர் பெயரைக் காவலன் அருகிலேயே குறித்து வைத்திருக்கிறான். உன் பெயர். அன்றைக்கு நீ சொன்ன காரணமும் எனக்கு மறக்கவில்லை: "பெரிய கோப்பெல்லாம் ஏத்தாத வாலு, இங்க இழுக்க ஒரு யுகம் ஆகுது." அடைவு வந்ததை அன்றே அறிந்தவன் நீ. அறியாமல் அந்த வரியை எழுதியிருக்க முடியாது. அறிந்தும் உன் கிளையில் அந்தப் பழைய கோப்பை விட்டுவைத்தாய். ஏன் அதே பெயரை வைத்தாய் என்று என்னைக் கேட்க உனக்கு எப்படி மனம் வந்தது?

நினைவட்டையில் ஒன்றும் இல்லை. ஒரு நாள் பதிவுக்கு மேல் அது கொள்ளாது. மாலைதோறும் கணினிக்கு மாற்றிவிட்டு அதைத் துடைப்பேன். படியெடுத்து வைக்க ஒரு வட்டு வாங்கட்டுமா என்று கேட்டேன். "நான் வரும்போது நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வர்றேன்" என்றாய். நீ வரவில்லை.

உன் குறுஞ்செய்தியைப் பார்த்துவிட்டு, அழிந்ததை மீட்டுத் தருகிறவரிடம் மார்ச் பதினெட்டாம் தேதியே போனேன். கோடையில் கிணறு தூர் வாருகிறவர் போலச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அரை மணி கழித்து நிமிர்ந்தார்.

"அக்கா, பழைய வட்டுன்னா அழிச்ச பிறகும் தடம் கிடக்கும், துருவி எடுத்துடலாம். இது புது மாதிரி. அழிச்ச இடத்தைத் தானே கழுவிக் கவுத்து வச்சிடும். அதுக்கு மேல நீங்க ஒம்பது நாள் இதுலயே வேலை பார்த்திருக்கீங்க."

பார்த்திருக்கிறேன். அச்சகத்துக்கு ஒரு பாடநூல் முழுவதையும் அதில்தான் திருத்திக் கொடுத்தேன்.

"உள்ள என்ன இருந்துச்சு? கல்யாண வீடியோவா?"

"எங்கம்மா குரல்."

"அடடா. அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது, அண்ணா. "அப்புறம் என்னக்கா! மறுபடி பேசச் சொல்லிப் பதிஞ்சுக்க வேண்டியதுதானே?"

கணினியை வாங்கிக்கொண்டு படியிறங்கினேன்.

நீ அந்த ஆறு வாரங்களைப் பார்த்ததில்லை. தெரு ஓசை கேட்காதிருக்கத் துணி அலமாரியின் தட்டுகளைக் கழற்றிவிட்டு, உள்ளே ஒரு முக்காலி போட்டு, போர்வையால் மூடி, அம்மாவை அதற்குள் உட்காரவைத்தேன். "முப்பது வருஷம் பேசாதேன்னு உள்ள தள்ளினாங்க. இப்ப பேசுன்னு உள்ள தள்ளுறியேடி" என்றாள். முதல் இரண்டு வாரமும் ஒன்றும் தேறவில்லை. 'தண்ணீர் கொடு' என்பதைப் பத்தாயிரம் பேருக்குக் கேட்கும்படி சொன்னாள். "அம்மா, கூட்டம் இல்லம்மா, நான் ஒருத்திதான் இருக்கேன்" என்று ஒவ்வொரு முறையும் போர்வையை விலக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் வாரத்தில்தான் இறங்கி வந்தாள். நம்மை எழுப்பும் குரல், அடுப்படியிலிருந்து அழைக்கும் குரல், கோபத்தை விழுங்கிக்கொண்டு "சரி, போ" என்னும் குரல். உலகத்துக்குத் தெரியாத அந்தக் குரல். இருநூற்றுப் பன்னிரண்டாம் வாக்கியம்: "அடுப்பைப் பாருடி, பொங்குது." அதன் நடுவில் ஒரு சிரிப்பு வரும். தொலைபேசியில் உனக்கு ஒலிக்கவிட்டபோது, அந்தச் சிரிப்பை வெட்டிவிடலாமா என்று நீ கேட்டாய், வேண்டாம் என்றேன்.

கடைசி நாற்பது வாக்கியங்களைப் பற்றி உனக்கு நான் சொன்னதில்லை. இனிச் சொல்லவும் போவதில்லை.

அம்மாவிடம் இன்னும் கூறவில்லை. "நிரலில் ஒரு பிழை, அண்ணன் சரிசெய்கிறான்" என்று நாள்தோறும் பொய் சொல்கிறேன். நாள்தோறும் அவள் தலையசைக்கிறாள்.

உன் தங்கை


ஏப்ரல் 3

வாலு,

எட்டு முறை எழுதிக் கிழித்த பின் எழுதும் கடிதம் இது.

நீ எழுதியது ஒவ்வொன்றும் மெய். நீ எழுதாத ஒன்றையும் நானே சேர்க்கிறேன். "குரல் இனிக் கோப்பன்று, அடைவு" என்ற உன் குறிப்பை நான் பார்த்தேன். பிப்ரவரியில், ஒரு வேலைநாளின் நடுவில், மேலாளர் பின்னால் நின்றுகொண்டிருந்தபோது பார்த்தேன். இணைக்கும்போது கவனித்துக்கொள்ளலாம் என்று நகர்ந்துவிட்டேன். இரு கிளைகளையும் இணைத்திருந்தால் இந்தக் கேடு நேர்ந்திராது. ஒரே பெயரில் இங்கே கோப்பு, அங்கே அடைவு என்று கண்டதும் காவலன் திகைத்து நின்றிருப்பான். கோப்பை வேறு பெயரிட்டு ஓரமாக வைத்துவிட்டு, தீர்ப்பை உங்களில் ஒருவர் சொல்லுங்கள் என்று கேட்டிருப்பான். நான் உன்னை இணைக்கச் சொல்லவில்லை. என் கிளைக்கு மாறு என்றேன். என் வேலை முடிந்தது என்று காட்டும் அவசரம். வராதவன் எதையாவது கொண்டுவந்து போட்டாக வேண்டும் என்னும் அவசரம்.

இங்கே அலுவலகத்தில் இதே பிழையைப் புதியவர் ஒருவர் செய்தபோது, "புறக்கணிக்கச் சொன்னதை அவன் காப்பான்னு யாருப்பா உனக்குச் சொன்னது?" என்று நான்தான் அவரை எல்லார் முன்னும் கேலி செய்தேன். எல்லாரும் சிரித்தார்கள்.

ஒரு வழி செய்திருக்கிறேன். வழி என்று சொல்லக் கூசுகிறது. அம்மாவின் மேடைப் பேச்சுகள் தொழிற்சங்க அலுவலகத்தில் நாற்பது ஒலிநாடாக்களில் இருந்தன. படியெடுத்து அனுப்பச் செய்தேன். கூட்டத்தின் இரைச்சலை வடித்து, சொல் சொல்லாய் அறுத்து, ஒட்டி, அறுநூறு வாக்கியங்கள் தேற்றியிருக்கிறேன். இக்கடிதத்தோடு உள்ள நினைவுக்குச்சியில் நிரலோடு இருக்கின்றன. அந்தப் பதினொரு நொடியையும் ஒரு பொத்தானாக வைத்திருக்கிறேன். வீட்டுக் குரலில் எஞ்சியது அது ஒன்றுதான்.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். ஆயிரத்து நானூறும் போனது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். அவற்றில் நிரலுக்குப் பொருந்தாதவை சில என்று சொல்லிவிடு. படித்ததும் இதைக் கிழித்துவிடு.

என்னை மன்னித்துவிடு என்று கேட்கும் இடம் இது. கேட்க வாய் வரவில்லை.

அண்ணன்


ஏப்ரல் 14

அண்ணா,

உன் கடிதம் வந்த நேரத்தில் நான் அச்சகத்தில் இருந்தேன். அம்மா கையொப்பமிட்டு வாங்கியிருக்கிறாள். முப்பது ஆண்டுகள் சங்கத்துக்கு வந்த அஞ்சலையெல்லாம் பிரித்துப் பழகியவள், உறைமேல் யார் பெயர் என்று பார்ப்பவள் அல்லள்.

நான் கதவைத் திறந்தபோது மேசைமேல் உன் நான்கு தாள்களும் வரிசையாக விரித்து வைக்கப்பட்டிருந்தன. 'அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்' என்ற வரி மேலே தெரிந்தது. நினைவுக்குச்சியைப் பலகைக் கணினியில் அவளே செருகியிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு, பொறு என்று கையால் காட்டி, ஒரு பொத்தானைத் தொட்டாள்.

"தண்ணீர்! வேண்டும்!"

அண்ணா, அது வேலைநிறுத்த அறைகூவல். 'தண்ணீர்' என்ற சொல்லை ஏதோ குடிநீர்ப் போராட்டத்திலிருந்து எடுத்திருக்கிறாய். 'வேண்டும்' என்பதைக் கூலி உயர்வுக் கூட்டத்திலிருந்து. இரண்டுக்கும் நடுவில், நீ வடித்தும் வடியாமல், ஆயிரம் பேரின் ஆரவாரம் ஒரு நூலிழையாய்த் தொங்குகிறது. கீழ்வீட்டுக்காரர் படியேறி ஓடி வந்தார். "யாருங்க வீட்டுக்குள்ள கூட்டம் போடுறது?" என்றார். அம்மா சிரித்தாள். ஓசையில்லை, கழுத்துத் துளையிலிருந்து காற்று மட்டும் சீறிச் சீறி வந்தது. அவர் பயந்துபோய் இறங்கிவிட்டார். அவர் போன பின்னும் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அது சிரிப்பாக இல்லாமல் போன கணத்தை என்னால் சொல்ல முடியவில்லை.

பிறகு அந்தப் பதினொரு நொடியைத் தொட்டாள். நீ பல முறை கேட்டிருப்பாய். ஆயினும் எழுதுகிறேன், ஏனெனில் வீட்டில் இனி இருப்பது இதுதான்: "என்னடி, சிவப்பு விளக்கு எரியுதே, சரியா? என்ன பேசணும்னு சொல்லு. சும்மா பேசுன்னா எப்படிடி பேசுறது? போதும்டி, நிறுத்து."

திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒலி ஓடுவதைத் திரையில் காட்டும் பட்டையின் நுனியில் விரல் வைத்தால் கடைசி இரண்டு சொற்கள் மட்டும் ஒலிக்கும் என்று தானே கண்டுபிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து குறிப்பேட்டில் ஒரு சொல்கூட எழுதவில்லை. எழுதுகோலைக் காதிலிருந்து எடுத்துச் சாளரத்தில் வைத்துவிட்டாள். நான் சாப்பிடச் சொன்னால், "போதும்டி, நிறுத்து." பார்க்க வந்த சங்கத்துத் தோழர்கள், "நீங்க பேசாட்டி என்ன, உங்க பேச்சு எங்ககிட்ட இருக்கு" என்று தழுதழுத்தால், "போதும்டி, நிறுத்து." அவர்கள் மீசைக்காரர்கள், 'டி' என்றதும் விழித்தார்கள். முன்பென்றால் அதற்கு நாங்கள் இருவரும் ஒரு வாரம் சிரித்திருப்போம்.

சொல்லமாட்டேன் என்றேனே, அந்த நாற்பது வாக்கியங்கள். அவை உனக்குரியவை. அறுவைக்கு முந்திய வாரம், உனக்கு விடுப்பு இல்லை என்று தெரிந்த மாலையில், "இன்னும் கொஞ்சம் பதிடி" என்று தானாகவே அலமாரிக்குள் போய் உட்கார்ந்தாள். நீ வீட்டுக்கு வரும் நாளில் பலகைக் கணினி உன்னிடம் என்னென்ன சொல்ல வேண்டுமோ அத்தனையும் சொன்னாள். ஒவ்வொன்றிலும் 'டா' இருந்தது. முன்கூட்டியே நீ படித்துவிடுவாய் என்று, அந்த நாற்பதை மட்டும் காவலனிடம் கொடுக்காமல் தனித் தாளில் எழுதி வைத்திருந்தேன். ஒலி போய்விட்டது, தாள் இருக்கிறது. உன்மேல் எனக்குள்ள சினம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் உன்னுடையதை நான் வைத்துக்கொள்வது முறையன்று. படியெடுத்துத் தருகிறேன்.

1361. வந்துட்டியாடா?

1362. ஏன்டா இப்படி இளைச்சுப் போயிட்டே?

1363. நீ வரலைன்னு அம்மாவுக்குக் கோவம்

இந்த இடத்தில் அம்மா வந்து, எழுதிக்கொண்டிருந்த தாள்மேல் கையை விரித்து வைத்துவிட்டாள். மீதி இருக்கிறதும்மா, அவனுக்குச் சொன்னதுதானே என்றேன். என்னை அவள் பார்க்கவில்லை. மூலத் தாளை உருவி நான்காய் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மறு கையால் பட்டையின் நுனியைத் தொட்டாள்.

ஆகவே நிறுத்துகிறேன்.